எக்ஸ்பிரஷனிசம்: கோணல் கோடுகளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

1892 நவம்பரில் பெர்லின் ஓவியர் சங்கம் நார்வேக்காரர் ஒருவரை அழைத்து அவருடைய படங்களைக் கண்காட்சியாக வைத்தது. திறந்து ஒரு வாரம்தான். அதற்குள் அதே சங்கம் கூட்டம் போட்டு, ஓட்டெடுத்து, கண்காட்சியை மூடிவிட்டது. அழைத்தவர்களே விரட்டிவிட்ட அந்த ஓவியர் எட்வர்ட் மங்க். அப்போது வயது 28. படங்கள் அரைகுறையாக நிற்கின்றன, எதுவும் முடித்த வேலையாகத் தெரியவில்லை என்பது மூத்தவர்களின் கோபம். மங்க் அசரவில்லை. இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது என்ற தோரணையில் வீட்டுக்குக் கடிதம் எழுதிவிட்டு, படங்களைக் கட்டிக்கொண்டு டுசெல்டார்ஃப், கொலோன் என்று அடுத்தடுத்த ஊர்களில் காட்டப் போய்விட்டார். சங்கத்துக்குள் அன்று விழுந்த விரிசல் ஆறு வருடம் கழித்து, 1898-இல், பெர்லின் செசெஷன் என்ற தனி அமைப்பாகவே பிரிந்தது.

எக்ஸ்பிரஷனிசத்தின் கதையைத் தொடங்க இந்தச் சண்டை வசதியான இடம். அறிமுகக் குறிப்புகள் பலவும் அதை 'உணர்ச்சியைக் கொட்டி வரைவது' என்று ஒரே வரியில் முடித்துவிடும். அதில் பாதிதான் உண்மை. வெறுமனே கொட்டினால் படம் வராது. எதைக் கோணலாக்குவது, எதை நேராக விடுவது, எந்த வண்ணத்துக்குப் பக்கத்தில் எதை வைப்பது, துணியா அட்டையா மரக்கட்டையா என்று ஒவ்வொன்றையும் யோசித்து முடிவெடுத்தவர்கள் இவர்கள். அந்த முடிவுகளைப் பார்க்கப் பழகிவிட்டால், 'இதை என் வீட்டுக் குழந்தைகூட வரையுமே' என்ற எண்ணம் தானாகப் போய்விடும்.

இரண்டு விதமான அளவு

முந்தைய தலைமுறையான இம்ப்ரெஷனிஸ்டுகளோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று பிடிபடும். அவர்களில் ஒருவரான மோனே 1890, 91 வாக்கில் வயலில் நின்ற வைக்கோல்போர்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். காலையில் ஒரு படம், அந்தியில் ஒரு படம், பனி விழுந்த பிறகு ஒன்று. வேளைக்கு வேளை வெளிச்சம் மாறுகிறது, வண்ணமும் மாறுகிறது. கண்ணில் என்ன விழுந்ததோ அதைத் துரத்திப் பிடிப்பதுதான் அவருடைய வேலை. அந்த வைக்கோல்போரைப் பார்த்தபோது மோனேவுக்குப் பயமாக இருந்ததா, துக்கமாக இருந்ததா என்பது அந்தப் படங்களில் ஒரு கேள்வியே இல்லை. அடுத்து வந்தவர்கள் அந்தக் கேள்வியைத் தூக்கிப் படத்தின் நடுவில் வைத்தார்கள்.

சின்ன வயதில் இரவில் பயந்துகொண்டே கடந்த ஒரு வீட்டு நடைவழியைப் பற்றிச் சொல்லும்போது, 'அவ்வளவு நீளம், அவ்வளவு இருட்டு' என்போம். பெரியவர்களான பிறகு போய் அளந்தால் பத்தடிகூட இருக்காது. அடிக்கணக்கில் நாம் சொன்னது தப்பு. ஆனால் பயத்தின் கணக்கில் அதுதான் சரியான அளவு. எக்ஸ்பிரஷனிஸ்ட் ஓவியர் வரைவது இந்த இரண்டாவது அளவை.

இதற்கு முன்னோடி யார் என்று கேட்டால், பெரும்பாலும் கைகாட்டப்படுபவர் வான் கோ. 1888 செப்டம்பரில் தென் பிரான்சின் ஆர்ல் ஊரில், இரவு முழுக்கத் திறந்திருக்கும் ஒரு மலிவான காப்பிக்கடையை வரைந்தார். மூன்று இரவு கண்விழித்து, பகலில் தூங்கி வரைந்த படம் அது. ரத்தச் சிவப்புச் சுவர், பச்சைக் கூரை, நடுவில் பில்லியர்ட்ஸ் மேசை, மேலே நான்கு விளக்குகள். மனித மனத்தின் பயங்கரமான வேகங்களைச் சிவப்பையும் பச்சையையும் வைத்துச் சொல்லப் பார்த்தேன் என்று தம்பி தியோவுக்கு எழுதினார். ஒருவன் தன்னையே நாசமாக்கிக்கொள்ளவும், பைத்தியமாகவும், குற்றம் செய்யவும் கூடிய இடமாக அந்தக் கடையைக் காட்ட வேண்டும் என்பது அவருடைய நோக்கம்.

ஏன் குறிப்பாகச் சிவப்பும் பச்சையும்? வண்ணச் சக்கரத்தில் அவை இரண்டும் எதிரெதிரே நிற்பவை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றொன்றை இன்னும் உக்கிரமாகக் காட்டும். எல்லைக் கோடு அதிர்வதுபோல் இருக்கும், கண் ஓரிடத்தில் நிலைக்காது. அந்தக் கடைச் சுவர் நிஜத்தில் எந்த அளவுக்குச் சிவப்பு என்பது இங்கே முக்கியமில்லை. பார்க்கிறவரின் கண்ணில் ஓய்வின்மையை உண்டாக்க எந்த இரண்டு வண்ணம் தேவை என்று தெரிந்து வைத்திருக்கிறார், வைத்தார். எக்ஸ்பிரஷனிசம் என்ற பெயரைக் கேட்காமலேயே 1890-இல் இறந்தும் போனார்.

அலறல் ஒன்று, அட்டை ஒன்று

இனி மங்கின் 'அலறல்'. உலகத்தில் அதிகம் நகலெடுக்கப்பட்ட படங்களில் ஒன்று. மொபைலில் இருக்கும் அந்த எமோஜியைச் சொன்னாலே போதும், எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே யாரும் அதை உற்றுப் பார்ப்பதில்லை.

1893-இல் வரைந்த முதல் வண்ண ஓவியம் ஆஸ்லோவின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுமார் 91 செ.மீ. உயரம், 73 செ.மீ. அகலம். வரைந்தது துணியில் இல்லை, அட்டையில். எண்ணெய் வண்ணம், டெம்பரா, பேஸ்டல் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கலந்திருக்கிறார். பல இடங்களில் வண்ணத்துக்கு இடையே வெறும் அட்டையே பழுப்பாகத் தெரியும். முன்பூச்சு கிடையாது, மினுக்கு கிடையாது. படத்தில் ஒரு வெள்ளைத் தெறிப்புகூட உண்டு. பறவை எச்சம் என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2016-இல் பரிசோதித்தபோது மெழுகுவத்தி மெழுகு என்று தெரிந்தது.

படத்துக்குள் கோடுகளைக் கவனியுங்கள். வானம், கடல், கரை, நடுவில் நிற்கும் உருவம் எல்லாம் வளைந்து நெளிகின்றன. பாலத்தின் கைப்பிடி மட்டும் அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேராக, குறுக்காக, வெட்டிக்கொண்டு போகிறது. அதன் மறுகோடியில் இரண்டு பேர் விறைப்பாக நடக்கிறார்கள். அவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. அந்த நேர்க்கோடும் அந்த இரண்டு பேரும் இல்லாவிட்டால் நெளிவு வெறும் அலங்காரமாகப் போயிருக்கும். உலகம் ஒழுங்காகத்தான் இருக்கிறது, இவன் ஒருவனுக்குத்தான் இப்படி என்ற தனிமை அந்தக் கைப்பிடியால் வருகிறது.

இன்னொன்று. உருவம் அலறுகிறது என்றே பலர் நினைக்கிறார்கள். மங்கின் குறிப்பு வேறு சொல்கிறது. இரண்டு நண்பர்களோடு நடந்து போகிறார், சூரியன் இறங்குகிறது, வானம் ரத்தமாகச் சிவக்கிறது, நண்பர்கள் மேலே நடக்கிறார்கள், அவர் நின்றுவிடுகிறார். இயற்கை முழுவதையும் ஊடுருவிப்போகும் ஒரு அலறலை உணர்கிறார். ஆக, அந்த உருவம் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறது.

இது ஒரு வேகத்தில் வந்து விழுந்த படமும் இல்லை. முந்தின வருடமே, 1892-இல், இதே கைப்பிடி, இதே சிவப்பு வானத்தோடு 'விரக்தி' என்ற படத்தை வரைந்திருக்கிறார். அதில் தொப்பி போட்ட ஒரு மனிதர் பக்கவாட்டில் திரும்பிக் கைப்பிடியோரம் நிற்பார். பார்க்க வருத்தமாக இருக்கும், அவ்வளவுதான். அடுத்த வருடம் அந்தத் தொப்பியை எடுத்தார், முகத்தை நம் பக்கம் திருப்பினார், அது ஆணா பெண்ணா, இளசா கிழமா என்று சொல்ல முடியாதபடி எல்லா அடையாளத்தையும் உரித்தார். பிறகு அதையே பேஸ்டலிலும், கல்லச்சிலும், 1910 வாக்கில் மறுபடி அட்டையிலும் செய்தார். நான் சொல்லவந்த கணக்கு இதுதான்.

1893 படத்தின் மேல் மூலையில் பென்சிலில் ஒரு வரி இருக்கிறது: ஒரு பைத்தியக்காரன்தான் இதை வரைந்திருக்க முடியும். கண்காட்சிக்கு வந்த யாரோ குறும்பாகக் கிறுக்கியது என்ற பேச்சு ரொம்ப காலம் இருந்தது. 2021-இல் அகச்சிவப்புப் படமெடுத்துப் பார்த்த அருங்காட்சியகத்தார், அது மங்கின் சொந்தக் கையெழுத்து என்று சொல்லிவிட்டார்கள்.

டிரெஸ்டனில் நான்கு மாணவர்கள்

மங்கும் வான் கோவும் தனிமரங்கள். இயக்கம் என்று ஒன்று உருவானது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில். 1905 ஜூன் 7 அன்று நான்கு இளைஞர்கள் 'பாலம்' என்று பொருள்படும் 'டீ ப்ரூக்க' குழுவைத் தொடங்கினார்கள். எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்க்னர், எரிக் ஹெக்கெல், கார்ல் ஷ்மிட்-ரோட்லுஃப், ஃப்ரிட்ஸ் ப்ளைல். நான்கு பேருமே கட்டடக்கலை மாணவர்கள். ஓவியத்தில் முறையான கல்லூரிப் பயிற்சி கிட்டத்தட்ட இல்லை என்பதை அவர்கள் குறையாகவே நினைக்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் வான் கோவின் படங்கள் டிரெஸ்டனுக்குக் கண்காட்சிக்கு வந்தன. பசங்களுக்கு அது பெரிய திறப்பு. அடுத்த வருடம் தங்கள் முதல் குழுக் கண்காட்சியை எங்கே வைத்தார்கள் தெரியுமா? ஒரு விளக்குத் தொழிற்சாலையின் காட்சியறையில். பணத்துக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: வருடத்துக்கு 12 மார்க் கட்டும் ஆதரவாளர்களுக்கு அச்சுப் படங்கள் அடங்கிய ஒரு தொகுப்பை அனுப்புவது. இன்றைய சந்தா முறைதான். மாடலை ஒரே நிலையில் மணிக்கணக்கில் உட்காரவைக்கும் கல்லூரிப் பழக்கத்தை விட்டுவிட்டு, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நிலை மாறச் சொல்லி வரைந்தார்கள். திருத்த நேரமில்லை. கை பழகியே ஆக வேண்டும்.

இவர்கள் செய்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது மரக்கட்டை அச்சு. பலகையில் வெள்ளையாக வர வேண்டிய இடத்தை உளியால் செதுக்கி எடுத்துவிட வேண்டும். மிஞ்சி நிற்கும் மேட்டில் மை தடவி, தாளை வைத்து அழுத்த வேண்டும். ஜெர்மனியில் இது பழைய ஓவியர் டியூரர் காலத்து, நானூறு வருடப் பழைய தொழில். பழைய கைவினைஞர்கள் உளி போன தடம் தெரியாமல் சுத்தம் செய்வார்கள். இவர்கள் தடத்தை அப்படியே விட்டார்கள். வெள்ளைப் பகுதியில் சின்னச் சின்னக் கறுப்புக் கீறல்கள் மிஞ்சி நிற்கும். மரத்தின் ரேகையும் தாளில் பதியும். மரம் தன் ரேகைப் போக்கில் உளியை விடும், குறுக்கே போனால் தடுக்கும். மெல்லிய வளைவு சுலபத்தில் வராது, கோணம் கோணமாக வெட்டுத்தான் வரும். கிர்க்னரின் எண்ணெய் ஓவியங்களில் முகங்கள் ஏன் கோடாலியால் கொத்தியதுபோல் கூர்மையாக இருக்கின்றன என்று கேட்டால், பதில் பெரும்பாலும் அந்தப் பலகையில் இருக்கிறது. கை உளியில் கற்றதைத் தூரிகைக்குக் கொண்டுவந்தது. 1918-இல் ஷ்மிட்-ரோட்லுஃப் செதுக்கிய கிறிஸ்துவின் முகத்தைப் பாருங்கள்: ஒரு கண் அரைகுறையாக மூடியிருக்கும், நெற்றியிலேயே 1918 என்ற எண்ணைச் செதுக்கியிருப்பார். முதல் உலகப் போர் முடிந்த வருடம்.

இந்தக் கூர்மைக்கு இன்னொரு ஊற்றும் உண்டு. அதைச் சொல்லாமல் போவது நேர்மையில்லை. டிரெஸ்டன் இனவியல் அருங்காட்சியகத்தில் பசிபிக்கின் பலாவு தீவிலிருந்து வந்த செதுக்கிய உத்திரங்கள் இருந்தன. கிர்க்னர் கூட்டம் அவற்றைப் பார்த்துச் சொக்கிப்போய்த் தங்கள் அறையையே அந்தப் பாணியில் அலங்கரித்தது. அந்தத் தீவு அன்று ஜெர்மனியின் காலனி. செதுக்கியவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. நாகரிகத்தின் பாசாங்கு தீண்டாத 'ஆதி' கலை என்று இவர்கள் கொண்டாடியது, நாகரிகத்தின் துப்பாக்கி போய் எடுத்துவந்த பொருள். இன்று இந்த ஓவியங்களைக் காட்டும் அருங்காட்சியகங்கள் இதையும் சேர்த்தே பேசுகின்றன, பேசத்தான் வேண்டும்.

1911-இல் குழு பெர்லினுக்குக் குடிபெயர்ந்தது. கிர்க்னரின் தெரு ஓவியங்கள் அங்கே பிறந்தன. 1914-இல் வரைந்த 'போட்ஸ்டாமர் பிளாட்ஸ்' இரண்டு மீட்டர் உயரம். வட்டமான ஒரு சாலைத் தீவில் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள், சுற்றி ஆண்கள் கறுப்புக் குச்சிகளாக நடமாடுகிறார்கள். தரை சாய்ந்து நம் மேல் கொட்டிவிடும்போல் இருக்கும். ஒருவரும் ஒருவரையும் பார்ப்பதில்லை. குழுவோ 1913-இலேயே சண்டை போட்டுக் கலைந்துவிட்டது. அதன் வரலாற்றைக் கிர்க்னர் எழுதிய விதம் மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை. தன்னையே நடுவில் வைத்து எழுதியிருந்தார்.

மூனிக்கின் நீலக் குதிரைகள்

மூனிக்கில் நடந்தது வேறு மாதிரி. அங்கே கோபம் குறைவு, தத்துவம் அதிகம். மாஸ்கோவில் சட்டமும் பொருளாதாரமும் படித்து, பேராசிரியர் வேலை வந்தபோது வேண்டாம் என்றுவிட்டு, முப்பது வயதில் ஓவியம் கற்க வந்தவர் வசிலி காண்டின்ஸ்கி. 1911 டிசம்பரில் அவர் சார்ந்திருந்த சங்கம் அவருடைய 'கம்போசிஷன் 5' படத்தை நிராகரித்தது. சொன்ன காரணம், நான்கு சதுர மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்ற விதியை அது மீறுகிறது என்பது. உண்மைக் காரணம், படத்தில் என்ன இருக்கிறது என்றே அவர்களுக்குப் புரியவில்லை. காண்டின்ஸ்கி, ஃபிரான்ஸ் மார்க், காப்ரியேல் மியுன்டர் மூவரும் வெளியேறினார்கள். அதே மாதம், அதே தான்ஹவுசர் கேலரியில், பழைய சங்கத்தின் கண்காட்சிக்குப் பக்கத்து அறையிலேயே 'நீலக் குதிரைவீரன்' என்ற பெயரில் போட்டிக் கண்காட்சி திறந்தார்கள்.

மார்க் விலங்குகளை வரைந்தவர். நீலக் குதிரை, மஞ்சள் பசு, சிவப்பு மான். அவரிடம் ஒரு வண்ண அகராதியே இருந்தது. நண்பர் அவுகுஸ்ட் மாக்கவுக்கு 1910-இல் எழுதிய கடிதத்தில், நீலம் ஆண்மையும் ஆன்மிகமும், மஞ்சள் பெண்மையும் மென்மையும் மலர்ச்சியும், சிவப்பு கனத்த முரட்டுப் பருப்பொருள் என்று பங்கு பிரிக்கிறார். இதை அப்படியே நாம் ஏற்க வேண்டியதில்லை. எனக்கு இதில் பாதி வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் குதிரைக்கு நீலம் பூசியது விளையாட்டுக்கு இல்லை, ஒரு முறையை வைத்துக்கொண்டுதான் என்பதற்கு இந்தக் கடிதம் சாட்சி.

காண்டின்ஸ்கி இன்னொரு எட்டு வைத்தார். உணர்வைச் சொல்ல வண்ணமும் கோடும் போதும் என்றால், குதிரையே எதற்கு, பொருளே எதற்கு? 1911 ஜனவரியில் இசையமைப்பாளர் ஷோன்பெர்கின் இசைக் கச்சேரி ஒன்றைக் கேட்டுவந்து, பரந்த மஞ்சளும் ஒரு பெரிய கறுப்புத் திட்டும் வைத்து வரைந்தார். கறுப்பு, மேடையில் இருந்த பியானோ என்று ஊகிக்கலாம். ஊகிக்காவிட்டாலும் படம் வேலை செய்கிறது. அரூப ஓவியத்தின் கதவு இப்படித் திறந்தது.

மியுன்டரைப் பெரும்பாலான கட்டுரைகள் காண்டின்ஸ்கியின் துணைவி என்று ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. முர்னாவ் கிராமத்தில் கண்ணாடிக்குப் பின்பக்கம் வரையும் நாட்டார் ஓவிய முறையைக் கற்று, தடித்த கறுப்புக் கோட்டுக்குள் தட்டையான வண்ணம் நிரப்பும் பாணியை அந்தக் குழுவுக்குள் ஊன்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு நாஜிகள் காலத்தில் காண்டின்ஸ்கியின் ஆரம்பகாலப் படங்களைத் தம் வீட்டு நிலவறையில் ஒளித்துக் காப்பாற்றியவரும் அவர்தான். 1957-இல், தம் எண்பதாம் பிறந்தநாளில், எல்லாவற்றையும் மூனிக்கின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அந்தப் படங்கள் இன்று நம் கண்ணுக்குக் கிடைப்பதே அவரால்தான்.

வியன்னாவில் கோகோஷ்காவும் எகோன் ஷீலவும் தனி வழியில் போய்க்கொண்டிருந்தார்கள். ஷீல உடம்பை முறுக்கி, விரல் கணுக்களைப் புடைக்கவைத்து வரைவார். 28 வயதில், 1918 ஸ்பானிஷ் காய்ச்சலில், கர்ப்பிணி மனைவி இறந்த மூன்றாம் நாள் இறந்தார்.

போர்

1914 ஆகஸ்டில் போர் வந்தது. இவர்களில் பலர் அதை வரவேற்றார்கள் என்பது கசப்பான உண்மை. அழுகிய சமுதாயத்தைப் போர் சுத்தம் செய்துவிடும் என்று நம்பினார்கள். மாக்க செப்டம்பரிலேயே செத்தார். மார்க் 1916 மார்ச்சில் பிரான்சின் வெர்டன் போர்முனையில். சாவதற்குச் சில வாரம் முன்பு, பீரங்கிகளை விமானத்திலிருந்து மறைக்கும் தார்ப்பாய்களுக்கு அவர்தான் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். பிரெஞ்சு ஓவியர் மானேயில் தொடங்கி காண்டின்ஸ்கி வரை ஒவ்வொரு பாணியிலும் ஒன்று வரைந்ததாக மனைவிக்கு எழுதியிருக்கிறார்.

கிர்க்னரைப் பீரங்கிப் படையில் சேர்த்தார்கள். சில மாதத்தில் மனம் உடைந்து திரும்பினார். அந்த வருடம், 1915-இல், வரைந்த 'சிப்பாயாக நான்' இப்போது அமெரிக்காவில் ஓபர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீருடை, தோளில் 75 என்ற படைப்பிரிவு எண், உதட்டில் தொங்கும் சிகரெட், பார்வையே இல்லாத கண்கள். வலது கை மணிக்கட்டோடு வெட்டுப்பட்டு மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கிறது. பின்னால் ஒரு நிர்வாண மாடல். நிஜத்தில் அவருக்குக் கையில் ஒரு கீறல்கூட இல்லை. இனி வரைய முடியாது என்ற பயத்தைச் சொல்ல முகத்தைச் சோகமாக்கியிருக்கலாம். அவர் முகத்தை மரமாக விட்டுவிட்டு வரையும் கையை எடுத்துவிட்டார். வெட்டிய கையை வரைந்ததும் அதே கைதான்.

ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸின் கதை இன்னும் கனம். மகன் பேட்டருக்கு 18 வயது. படையில் சேர அப்பாவின் சம்மதம் வேண்டும். அப்பா மறுத்தார். அம்மா மகன் பக்கம் நின்று சம்மதம் வாங்கிக்கொடுத்தார். 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் அவன் கொல்லப்பட்டான். அந்த துக்கத்துக்கு வடிவம் தேடி, செப்புத்தகட்டில் முயன்று, கல்லச்சில் முயன்று, கடைசியில் மரக்கட்டையில் நிலைகொண்டார். 1921, 22-இல் செதுக்கிய 'போர்' வரிசையில் ஏழு படங்கள். முதல் படத்தில் ஒரு தாய் கண்ணை மூடிக்கொண்டு கைக்குழந்தையை இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கிக் கொடுக்கிறாள். போர்க்களம் எந்தப் படத்திலும் கிடையாது. பெரும்பாலும் பெற்றவர்களும் விதவைகளும்தான்.

தடை

போருக்குப் பிறகு ஒரு திருப்பம். விரட்டப்பட்டவர்கள் மதிக்கப்பட்டார்கள். ஜெர்மன் அருங்காட்சியகங்கள் போட்டிபோட்டு வாங்கின. 1920-இல் வந்த 'டாக்டர் காலிகாரி' திரைப்படத்தில் கோணல் சுவர்களையும் கூரான நிழல்களையும் துணியிலும் அட்டையிலும் தீட்டியே அரங்கம் அமைத்தார்கள். ஹாலிவுட் குற்றப்படங்களின் நிழல் வரை அதன் தடம் போகிறது. இதற்குள் ஓட்டோ டிக்ஸ், கெயோர்க் கிராஸ் போன்ற ஓவியர்கள் குளிர்ந்த, கூரிய யதார்த்தத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். எக்ஸ்பிரஷனிசம் கொஞ்சம் பழசாகத் தொடங்கியிருந்த நேரம் அது.

அப்போதுதான் நாஜிகள் வந்தார்கள். 1937 ஜூலை 19 அன்று மூனிக்கில் 'சீரழிந்த கலை' என்ற கண்காட்சி. சுமார் 650 படைப்புகளை நெருக்கியடித்து மாட்டி, சுவரில் ஏளன வாசகங்கள் எழுதினார்கள். அருங்காட்சியகங்கள் கொடுத்த விலையையும் பக்கத்தில் போட்டார்கள். அவற்றில் பல, ரொட்டியே லட்சக்கணக்கில் விற்ற பணவீக்க காலத்து மார்க் என்பதைச் சொல்லவில்லை. மக்கள் வரிப்பணம் கொள்ளை என்று பார்ப்பவர் கொதிக்க வேண்டும், அவ்வளவுதான். மூனிக்கில் மட்டும் இருபது லட்சம் பேர் வந்தார்கள். மார்க்கின் 'நீலக் குதிரைகளின் கோபுரம்' மட்டும் சீக்கிரமே இறக்கப்பட்டது. நாட்டுக்காகச் செத்தவனை அவமதிப்பதா என்று ராணுவ அதிகாரிகள் சங்கம் எதிர்த்ததுதான் காரணம். அந்தப் படம் 1945-க்குப் பிறகு காணவில்லை.

கிர்க்னரின் 639 படைப்புகள் பறிமுதல் ஆயின. சிப்பாய்ப் படத்துக்கு 'வேசியோடு சிப்பாய்' என்று பெயர் மாற்றி மாட்டினார்கள். சுவிட்சர்லாந்தின் டாவோசில் இருந்த கிர்க்னர் 1938 ஜூனில் தற்கொலை செய்துகொண்டார்.

இங்கே ஒரு சிக்கலான ஆளும் உண்டு: எமில் நோல்டே. அதிகம் பறிமுதலானவை அவருடையவை, 1,052. ஆனால் அவரே நாஜிக் கட்சிக்காரர், யூத வெறுப்பாளர். தன் கலைதான் உண்மையான ஜெர்மன் கலை என்று கடிதம் மேல் கடிதம் எழுதிக் கெஞ்சினார். போருக்குப் பிறகு பாதிக்கப்பட்டவர் என்ற வேடம் நன்றாகவே பொருந்தியது. 2019-இல் பெர்லின் கண்காட்சி ஒன்று ஆவணங்களோடு இதை விரித்துவைத்தபோது, அன்றைய ஜெர்மன் சான்சலர் ஏங்கலா மெர்க்கெல் தம் அலுவலகச் சுவரிலிருந்த நோல்டே படங்களை அகற்றினார். புதுமையான கலை வரைந்தவர்கள் எல்லோரும் நல்ல அரசியல் கொண்டவர்கள் என்று நினைக்கிறவர்கள் இந்த ஒருவரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கடல் கடந்து

தடையால் இந்தப் போக்கு சாகவில்லை, இடம் மாறியது. மூனிக்கில் ஓவியப் பள்ளி நடத்திய ஹான்ஸ் ஹோஃப்மன் அமெரிக்கா போய் ஒரு தலைமுறைக்கே பாடம் சொன்னார். காண்டின்ஸ்கி படங்களைக் குவித்து வைத்திருந்த நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றில், இன்றைய குகன்ஹைமின் முன்வடிவம் அது, 1943-இல் கூலிக்கு வேலை பார்த்தவர் ஜாக்சன் பொல்லாக். சில வருடத்தில் அவர் துணியைத் தரையில் விரித்து வண்ணத்தைச் சொட்டவிட ஆரம்பித்தார். அரூப எக்ஸ்பிரஷனிசம் என்று அந்த நியூயார்க் கூட்டத்துக்குப் பெயர் வந்தது. ஜெர்மனியிலோ, 1969 முதல் உருவங்களைத் தலைகீழாகவே வரையத் தொடங்கிய கெயோர்க் பாசெலிட்ஸும், வைக்கோலும் ஈயமும் ஒட்டி எரிந்த நிலங்களை எழுப்பிய ஆன்செல்ம் கீஃபரும் இந்த மொழியை மறுபடி கையில் எடுத்தார்கள்.

இந்தியாவுக்கு இது வந்து சேர்ந்தது பலர் நினைப்பதைவிட முன்னால். 1922 டிசம்பரில் கல்கத்தாவில், ஸ்டெல்லா கிராம்ரிஷ் என்ற ஆஸ்திரியக் கலை வரலாற்றாளரின் முயற்சியில், காண்டின்ஸ்கி, பால் கிளே போன்ற, ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி ஆசிரியர்களின் படைப்புகள் வங்காள ஓவியர்களின் படங்களோடு ஒரே கண்காட்சியில் வைக்கப்பட்டன. வயதான காலத்தில் தூரிகை எடுத்த தாகூர் 1930-இல் ஜெர்மனியில் தம் ஓவியங்களைக் காட்டினார், ஐந்தை பெர்லினுக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார். 1937 களையெடுப்பில் அவையும் சீரழிந்தவை என்று இறக்கப்பட்டன.

பம்பாய்க்கு வந்தது அகதிகளோடு. நாஜிகளிடமிருந்து தப்பி வந்த வியன்னா ஓவியர் வால்டர் லாங்ஹாமர், டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் கலை இயக்குநரானார். அவர் வீட்டில் கூடிய இளம் ஓவியர்களில் எஸ்.எச். ராசாவும் கே.எச். ஆராவும் உண்டு. விமர்சகர் ருடால்ஃப் வான் லேடன், படங்களை வாங்கி ஆதரித்த எமானுவேல் ஷ்லெசிங்கர் இருவரும் அதேபோல் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். இந்த மூவரும் பின்னால் நிற்க, 1947-இல் முற்போக்கு ஓவியர் குழு பிறந்தது. அதன் தலைமைக் குரலான எஃப்.என். சூசாவின் முகங்களில் கண்கள் நெற்றிக்கு ஏறியிருக்கும், கழுத்தில் அம்பு பாய்ந்திருக்கும், எல்லாவற்றையும் ஒரு தடித்த கறுப்புக் கோடு வளைத்துக் கட்டியிருக்கும். கோவாக் கத்தோலிக்கரான அவர், தாம் வளர்ந்த தேவாலயச் சுரூபங்களின் ரத்தத்தையும் ஐரோப்பாவிலிருந்து வந்த அந்தக் கறுப்புக் கோட்டையும் ஒரே பலகையில் வைத்துப் பார்த்தவர்.